கை கால் மட்டுமல்ல, கண்ணையும் பாருங்கள்

பாரிசவாதம் வந்த நம்மவர் வீடு திரும்பினால், கை கால் விளங்குகிறதா என்றுதான் கேட்கிறோம். கண்ணைப் பற்றிக் கேட்பதில்லை. அவரோ தட்டில் ஒரு பக்கச் சோற்றை அப்படியே விட்டு எழும்புகிறார். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்கிறார். "புத்தி குழம்பிவிட்டது" என்கிறோம்.

பல வேளை அது புத்திக் குழப்பமல்ல. மூளையில் பார்வைக்குரிய இடம் பழுதானால், கண் நன்றாயிருந்தும் ஒரு பக்கம் தெரியாது. கண்ணாடி போட்டும் தீராது. பிரித்தானியாவில் 2019இல் வெளியான ஆய்வொன்றில், பாரிசவாதத்தில் பிழைத்தோரில் 73 சதவீதத்தினருக்குப் பழையதோ புதியதோ ஒரு பார்வைக் கோளாறு இருந்தது.

முதற் சோதனைக்கு இயந்திரம் தேவையில்லை. எதிரே இருப்பவரின் மூக்கை நோயாளி பார்த்திருக்க, இரு பக்கமும் விரலை அசைத்துக் கேட்டாலே சந்தேகம் தெரியும். பிறகு கண் கிளினிக். தெரியாத பக்கம் தலையைத் திருப்பிப் பார்க்கப் பழக்கினால் நடமாட்டம் தேறும்.

1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து திருகோணமலை மாவட்டத்துக்கு வந்த நம் குடும்பங்களுக்கும், தோட்டங்களில் உள்ளோருக்கும் நாம் கேட்பது ஒன்றே: துண்டு வெட்டுமுன் ஒவ்வொரு நோயாளியின் பார்வையையும் சோதித்து, கிளினிக் கொப்பியில் எழுத வேண்டும். வேலையில் தலை அடிபட்டவருக்கு இது இன்னும் அவசியம். பதிவில்லாத பார்வை இழப்புக்கு நட்டஈடு கேட்பது கடினம்.

தோழர்களே, அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குப் பணமில்லை. வீட்டில் கண்டதை டாக்டரிடம் சொல்லுங்கள். பழைய மூக்குக்கண்ணாடியை வார்ட்டுக்குக் கொண்டுபோக மறவாதீர்கள்.