சார்ஜர்ஸ் கணக்கு இன்னும் தீரவில்லை

ஆடி முடித்த ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் போய்ச் சேரவில்லை. வாங்கிய கடனுக்கு வங்கிகள் கதவைத் தட்டின. 2012 செப்டம்பர் 14 அன்று டெக்கான் சார்ஜர்ஸ் என்ற ஐ.பி.எல். அணியின் உரிமத்தை இந்திய கிரிக்கெட் வாரியம் ரத்து செய்தபோது நிலைமை இதுதான். அணியின் சொந்தக்காரர் மதுபான அதிபரோ ரியல் எஸ்டேட் புள்ளியோ அல்ல. 1938 முதல் ஹைதராபாத்தில் வேரூன்றிய டெக்கான் கிரானிக்கிள் நாளிதழின் நிறுவனம். அதனால்தான் இந்தக் கண்டனம் கூடுதல் கடுமையோடு எழுதப்படுகிறது.

அரசு கஜானாவில் ஓட்டை என்றால் முதல் பக்கத்தில் போடுகிறோம். நகராட்சி ஒப்பந்தக்காரர் கூலிக்குப் பாக்கி வைத்தால் தலையங்கம் தீட்டுகிறோம். அந்தக் கேள்விகளைக் கேட்கும் உரிமையைத்தான் டெக்கான் கிரானிக்கிள் நிறுவனம் 2008இல் அடகு வைத்தது. பங்குச் சந்தையில் பொதுமக்களிடம் பணம் திரட்டிய நிறுவனம் அது. ஹைதராபாத் அணிக்கு அது ஒப்புக்கொண்ட விலை, பத்தாண்டுகளில் செலுத்தும்படி, ஏறத்தாழ 10.7 கோடி டாலர். முதல் ஆண்டு அணிக்குக் கடைசி இடம். மறு ஆண்டே தென்னாப்பிரிக்காவில் கில்கிறிஸ்ட் தலைமையில் பெங்களூரை 6 ரன்னில் வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. அந்த வெற்றி உண்மையானது. அதில் யாரும் குறை காண முடியாது. கோப்பையின் பளபளப்பு கடன்காரர்களின் கண்ணையும் கூசவைத்ததா என்பதுதான் கேள்வி.

கிரிக்கெட்டே நிறுவனத்தை மூழ்கடித்தது என்று சொல்ல மாட்டோம். புத்தகக்கடைச் சங்கிலி, வணிக நாளிதழ் என்று கால் வைத்த இடங்கள் பல. ஆனால் சம்பளம் கொடுக்கக் காசில்லாத நிலையிலும் அணியை விடாமல் பற்றிக்கொண்டிருந்தார்கள். சென்னையைச் சேர்ந்த பி.வி.பி. நிறுவனம் ஏலத்தில் கேட்ட விலையை மறுத்தார்கள். ரத்தை எதிர்த்துப் போட்ட வழக்கில் நீதிமன்றம் கேட்ட 100 கோடி ரூபாய் வங்கி உத்தரவாதத்தைக் கட்ட முடியாமல் அக்டோபரில் அணியை இழந்தார்கள். அதே மாதம் சன் டி.வி. ஆண்டுக்கு 85.05 கோடி ரூபாய்க்கு ஹைதராபாத் உரிமத்தை எடுத்தது. பத்திரிகை நிறுவனம் 2017இல் கனரா வங்கியின் மனுவின் பேரில் திவால் நடவடிக்கைக்குள் போனது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 2020இல் ஒரு மத்தியஸ்த நடுவர், உரிமத்தை ரத்து செய்தது தவறு, வாரியம் 4,800 கோடி ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டும் என்றார். 2021இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. அதே ஆண்டில், 2011இலேயே கலைக்கப்பட்ட கொச்சி அணியில் ஆடிய ஆஸ்திரேலியர் பிராட் ஹாட்ஜ், தங்கள் சம்பளத்தில் ஒரு பங்கு இன்னும் வரவில்லை என்று பகிரங்கமாகக் கேட்டார். கொச்சி முதலாளிகளுக்கோ 538 கோடி ரூபாய் இழப்பீடு 2025இல் உயர் நீதிமன்றத்தில் உறுதியானது. முதலாளி வழக்காடுகிறார், வாரியம் வழக்காடுகிறது; பந்து வீசியவன் மட்டும் பத்து வருடம் காத்திருக்கிறான். இது எந்த ஊர் நியாயம்?

வாரியம் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆட்டக்காரர் ஒப்பந்தத்தில் அதுவும் கையெழுத்துப் போடுகிறது. பருவம் தொடங்குமுன் அந்த ஆண்டின் சம்பளம் முழுவதையும் ஒவ்வொரு அணியும் வாரியத்தின் கட்டுப்பாட்டில் உள்ள தனிக் கணக்கில் செலுத்த வேண்டும். செலுத்தாத அணிக்கு ஏலத்தில் இடமில்லை என்று விதி வர வேண்டும். கலைந்த அணிகளின் சம்பளப் பாக்கிப் பட்டியலை, தீர்ந்தது எது, நிற்பது எது என்று வாரியம் வெளியிட வேண்டும். முதலாளிகளுக்கான இழப்பீட்டைக் கணக்கிட முடிந்தவர்களுக்கு இது முடியாதா?

ஊடகங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஹைதராபாத் அணி இன்று ஒரு தொலைக்காட்சிக் குழுமத்தின் கையில். மும்பை அணி வைத்திருக்கும் குழுமத்திற்குச் செய்தித் தொலைக்காட்சிகளும் இருக்கின்றன, ஐ.பி.எல். ஒளிபரப்பிலும் அதற்குப் பங்கு. அணியும் செய்தியும் ஒரே கூரைக்குள் வரும்போது, கூரை ஒழுகுகிறது என்று யார் எழுதுவது? டெக்கான் கிரானிக்கிள் பாடம் படித்தும் அப்படிக் கேட்காதிருப்பதை நாம் கண்டிக்கிறோம். அணி வைத்திருக்கும் ஒவ்வொரு ஊடக நிறுவனமும் தன் அணியைப் பற்றிய செய்தி வரும் இடத்திலேயே, அது தனக்குச் சொந்தம் என்று அச்சிட வேண்டும், அறிவிக்க வேண்டும். அணிக்காக வாங்கிய கடனைத் தனியாகப் பிரித்து ஆண்டறிக்கையில் காட்ட வேண்டும். இந்த இரண்டையும் அடுத்த பருவத்திற்கு முன் கட்டாயமாக்க வாரியமும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியும் முன்வர வேண்டும்.