நாபோத்துக்குப் பட்டா இருந்ததா?

'பைபிளை எதுக்குய்யா இன்னும் கட்டிக்கிட்டு அழுவுற?' என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். செத்த பிறகும் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கிற திருச்சபைகள் நம் கண்முன்னே நிற்கின்றன. மதம் மாறியவனையும் சாதி விடவில்லை என்று அம்பேத்கர் அன்றைக்கே எழுதிவிட்டார். 1950இன் குடியரசுத் தலைவர் ஆணை நம்மைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்த கதவு நமக்கு இன்னும் திறக்கவில்லை.

அப்படியும் வாரம் ஒரு மாலை, வங்கி வேலை முடிந்து, அடையாற்றங்கரையில் ஓர் ஒற்றை அறை வீட்டுக்கு வேதம் வாசிக்கப் போகிறேன். ஏன்?

போன மாதம் நாபோத்தின் கதையை வாசித்தோம். அரண்மனைக்குப் பக்கத்தில் அவனுக்கொரு திராட்சைத் தோட்டம். அதில் கீரை போட ஆசைப்படுகிறான் ஆகாப் ராஜா. வேறு நல்ல தோட்டம் தருகிறேன், இல்லாவிட்டால் காசு தருகிறேன் என்கிறான். பாட்டன் பூட்டன் நிலத்தைத் தர மாட்டேன் என்கிறான் நாபோத். ராணி பொய்ச்சாட்சி செட்டப் செய்து அவனைக் கல்லெறிந்து கொல்ல வைக்கிறாள்.

ஞாயிறு பள்ளியிலேயே கேட்ட கதை. 'பிறர் பொருளுக்கு ஆசைப்படாதே' என்பதுதான் நான் அதில் கற்றது. பட்டதாரி வாசிப்பு!

வீட்டு வேலைக்குப் போகிற, எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அம்மா கேட்டார்: 'அந்த நாபோத்துக்குப் பட்டா இருந்துச்சா தம்பி?' யாரும் பேசவில்லை. அவரே சொன்னார்: 'இருந்திருக்கும். அதான் ராஜாவே வந்து கேட்டிருக்கான். என் தங்கச்சியாண்ட எவன் வந்து கேட்டான்?'

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். சேரி மறுபடியும் ஊருக்கு வெளியே. 'மாற்று இடம்' என்று அதற்குப் பெயர். ஆகாப் சொன்னதும் அதைத்தானே என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இன்னொரு பெண் கேட்டாள்: 'எலியா, அவன் செத்தப்புறம்தானே வர்றாரு? முன்னாடியே ஏன் வரல?' போதகர் யோசித்துவிட்டு, 'தெரியலம்மா' என்றார். அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான். அடுத்த வாரம் அந்தப் பெண் பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். விசுவாசம் இப்படித்தான் வளர்கிறது. பதிலில் அல்ல, ஒரு கேள்வியைப் பத்துப் பேர் சேர்ந்து சுமப்பதில். தனியாகப் படித்தபோது எனக்கு இருந்ததெல்லாம் என் பாவம், என் இரட்சிப்பு, என் புரமோஷன்.

ஆண்டைகளுக்கு இது தெரியும். 1807இல் மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்கென்று லண்டனில் ஒரு பைபிள் அச்சிட்டார்கள். எகிப்திலிருந்து அடிமைகள் வெளியேறும் கதையை வெட்டி எறிந்துவிட்டுத்தான்! நிகரகுவாவின் சொலந்திநாமே தீவுகளில் கவிஞரும் பாதிரியாருமான எர்னெஸ்தோ கார்தெனால், பிரசங்கத்தை நிறுத்திவிட்டு விவசாயிகளையும் மீனவர்களையும் சுவிசேஷம் பற்றிப் பேச விட்டார். அங்கிருந்து இளைஞர்கள் போராட்டத்துக்குப் போனார்கள். 1977இல் சோமோசாவின் படை அந்த இடத்தையே அழித்தது.

நமக்கும் இது இறக்குமதிச் சரக்கல்ல. 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசா தமிழன்' நடத்திய அயோத்திதாசப் பண்டிதர், குறளை நம் கண்ணால் மறுபடியும் வாசித்துக் காட்டியவர்தானே?

எல்லாக் கூட்டமும் இப்படியில்லை. மயிலாப்பூர், தி.நகர் மாடி வீட்டு வேதபாடங்களுக்கும் போயிருக்கிறேன். ஒருவர் பேசுவார், மற்றவர்கள் குறிப்பெடுப்பார்கள். விசாவுக்காக ஜெபம் நடக்கும். சாதி என்று வாயெடுத்தால், 'கிறிஸ்துவுக்குள்ள எல்லாரும் ஒண்ணு பிரதர்' என்பார்கள். கல்யாணப் பேச்சு வந்தால் அந்த ஒண்ணு ரெண்டாகிவிடும்.

ஆகவே சேரியில் வாசிப்போம். சத்தமாக வாசிப்போம். எழுத்தறியாதவர் முதலில் பேசட்டும், போதகர் கடைசியில் பேசட்டும்.

மாணவத் தோழர்களே, ஒரு மாலை வந்து எங்களோடு தரையில் உட்காருங்கள். நம்பச் சொல்லவில்லை. அந்த அம்மாவின் பட்டாவுக்கு மனு எழுதவும் ஆள் வேண்டியிருக்கிறது.