சட்டம் பறித்தது ஒரு முழம். நாம் ஈந்தது வண்டி முழுவதும்!

காலைப்பொழுதில் உங்கள் தெருமுனையில் ஓர் அரைமணி நேரம் நின்று பாருங்கள். குழாய்ப் பழுது நீக்குபவரின் மூவுருளி வரும். மின்பணியாளரின் சிறு சரக்குந்து வரும். குடிநீர்க் குடுவைகளை ஏற்றிய வண்டி வரும். தச்சர் தம் கருவிகளோடு வருவார். ஓட்டுபவர் தமிழர், உடைமையாளர் தமிழர், அவரை அழைத்த வீட்டார் தமிழர், வண்டி உருளும் மண்ணும் தமிழ்மண். அவ்வண்டியின் நெற்றியிலும் விலாவிலும் முதுகிலும் எழுதியிருப்பது மட்டும் ஆங்கிலம்! தப்பித் தவறித் தமிழெழுத்தைக் கையாண்டவரும், ‘பிளம்பிங் ஒர்க்சு’ என்றும் ‘வாட்டர் சப்ளை’ என்றுந்தான் எழுதி வைத்திருக்கிறார். மேலாடை தமிழ், உள்ளுடல் ஆங்கிலம்!

‘ஏன் ஐயா இப்படி?’ என்று கேட்டால், ‘சட்டம் அப்படி’ என்று எளிதாக விடையிறுத்து விடுகின்றனர். அச்சட்டம் எதுவரை நீள்கிறது என்பதை அளந்தே பார்த்துவிடுவோம்.

நடுவணரசின் உந்துவண்டி விதிகள் (மோட்டார் வாகன விதிகள் என வழங்குவன) 1989இல் இயற்றப்பட்டன. அவற்றுள் 50ஆம் விதி, பதிவெண் பலகையின் எழுத்துகள் ஆங்கிலத்திலும் எண்கள் அரபு எண்களிலுமே இருத்தல் வேண்டும் என்கிறது. வாடகைக்கும் சரக்கேற்றவும் ஓடும் ஊர்தியாயின், மஞ்சள் நிறத்தின்மேல் கருப்பெழுத்து. 51ஆம் விதி இன்னும் நுணுக்கமானது. சரக்குந்து போன்ற ஊர்திகளில் எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர், தடிப்பு 10, எழுத்துக்கும் எழுத்துக்கும் இடைவெளி 10 என்று அது அளந்து வைத்துள்ளது. 2019 ஏப்பிரல் முதல் நாளிலிருந்து செய்யப்படும் ஊர்திகளுக்கு உயர்காப்புப் பலகையும் கட்டாயம், அதில் ‘ஐ.என்.டி.’ என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள் நீலத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். விதியை மீறினால் முதன்முறை 500 உருபா வரையும், மறுமுறை 1,500 உருபா வரையும் தண்டம். ஆங்கில எழுத்துகளின் இடைவெளிக்கே 10 மில்லிமீட்டர் ஒதுக்கியவர்கள், ஐயாயிரம் கல் தொலைவிலிருந்து வந்த மொழிக்கு இவ்வளவு இடம் தந்தவர்கள், இம்மண்ணின் மொழிக்கு ஒரு மில்லிமீட்டரும் ஒதுக்கவில்லை!

‘வேற்று மாநிலக் காவலர்க்குப் படிக்கத் தெரிய வேண்டாவா?’ என்பர். சவூதி அரேபியாவின் எண்பலகையைப் பார்க்கட்டும். மேலே அரபு எழுத்தும் எண்ணும், கீழே உரோமன் எழுத்தும் எண்ணும் உள்ளன. சப்பானியரோ தம் பலகையில் ஊர்ப்பெயரைத் தம் எழுத்திலேயே பொறிக்கின்றனர். அங்கெல்லாம் காவல்துறை குருடாகிவிடவில்லை! ‘தநா’ என்னும் ஈரெழுத்து ஆங்கிலத்திற்கு மேலே ஒரு வரியில் நின்றால் எந்த ஒருமைப்பாடு உடைந்துவிடும்?

‘வண்டியில் ஓரெழுத்து, இதற்கா இத்தனை ஆரவாரம்?’ என்று சிரிப்பவர்கள் ஈழத்தின் வரலாற்றைப் படிக்கவில்லை. 1957இல் இலங்கை அரசு ஊர்திகளின் எண்பலகையில் சிங்களச் ‘சிறீ’ எழுத்தைப் புகுத்தியது. 1958இல் அவ்வெழுத்தோடு தமிழ்ப்பகுதிக்குள் வந்த அரசுப் பேருந்துகளில் தமிழர் தார் பூசினர். தெற்கே தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மேல் தார் பூசப்பட்டது. அவ்வாண்டு ஏப்பிரலில் பண்டாரநாயக்கா, தந்தை செல்வாவோடு தாம் செய்த ஒப்பந்தத்தைக் கைவிட்டார். மே திங்களில் தமிழர் குருதி தெருக்களில் ஓடியது. ஓரெழுத்து யாருடையது என்பது, அந்நாடு யாருடையது என்னும் வினாவேயாகும். அதனைச் சிங்களவரும் அறிந்திருந்தனர், ஈழத்தமிழரும் அறிந்திருந்தனர். நாம்தாம் இன்னும் அறியவில்லை.

இனி, நம் பக்கத்துக் குற்றத்திற்கு வருவோம்.

மேற்சொன்ன விதி ஆள்வது ஏறத்தாழ ஒரு முழ நீளமுள்ள பலகையை மட்டுமே. அப்பலகைக்கு அப்பால், வண்டியின் இரு விலாவிலும் நம் தொழிலைத் தமிழில் எழுதலாகாது என்று தடுக்கும் சட்டம் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை! சட்டம் நம்மிடமிருந்து பறித்தது ஒரு முழம்; எஞ்சிய வண்டி முழுவதையும் நாமே வலியச் சென்று ஆங்கிலத்தின் காலடியில் வைத்தோம்.

அண்மையில் என் வீட்டுக்குக் கதவு செப்பனிட வந்த தச்சர் ஒருவரிடம், ‘உங்கள் வண்டியில் என்ன எழுதியிருக்கிறது?’ என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ‘ஒட்டுப்படம் வெட்டுகிற தம்பிதான் போட்டுக் கொடுத்தான், ஐயா. எனக்குப் படிக்கத் தெரியாது’ என்றார். முப்பது ஆண்டு இழைப்புளி பிடித்த கை அது. தம் பெயரையும் தொழிலையும் தம் வண்டியிலேயே படிக்க முடியாதவராக அவரை ஆக்கியது எந்தச் சட்டம்? வாயிலில் நிற்கும் அவர் தாய்க்கும் அது புரியாது; அவரை அழைக்கும் எதிர்வீட்டு மூதாட்டிக்கும் புரியாது. பின் யாருக்காக அவ்வெழுத்து?

இந்நாட்டில் தமிழ் துணிந்து ஏறி நிற்கும் ஊர்திகளுள் ஒன்று, இறந்தாரை ஏற்றிச் செல்லும் ‘அமரர் ஊர்தி’. அதிலும் பாதி வடசொல்! பிழைப்புக்கு ஆங்கிலம், பிணத்துக்குத் தமிழ் என்றா நாம் வகுத்துக் கொண்டோம்?

‘தமிழில் சொல் இல்லையே’ என்னும் பொய்யை இனியும் கூற வேண்டா. குழாய்ப்பணி, மின்பணி, தச்சுப்பணி, குடிநீர் வழங்கல், வண்ணப்பூச்சு, உள்ளகவணி, கட்டடப் பொருளகம், வெளுப்பகம், சிற்றுண்டி ஊர்தி என எத்தனை சொற்கள் வேண்டும்? எழுத்தைக் கணினியில் வெட்டி ஒட்டும் கடைகளில் தமிழெழுத்துக்குக் கூடுதல் கூலியும் இல்லை.

ஆகவே நாம் செய்ய வேண்டுவன மூன்று. ஒன்று, எண்பலகையில் மாநில மொழிக்கும் ஒரு வரி தருமாறு 50ஆம் விதியைத் திருத்த நடுவணரசை நெருக்குதல். இரண்டு, தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் விதிகளின் 15ஆம் விதி பெயர்ப்பலகையில் தமிழ் இருக்க வேண்டும், பிறமொழி அதன் கீழேயே வரவேண்டும் என்கிறது. அதனைக் கடையின் ஊர்திகளுக்கும் விரித்து, ஏட்டில் உறங்க விடாமல் நடைமுறைப்படுத்துமாறு மாநில அரசைக் கேட்டல். மூன்றாவதற்கு எந்த அரசின் இசைவும் வேண்டா: இந்தத் திங்களிலேயே உங்கள் வண்டியிலும், உங்களுக்குத் தெரிந்த ஒரு தொழிலாளியின் வண்டியிலும் தமிழை எழுதுதல்.

முதலிரண்டுக்கும் ஆண்டுகள் ஆகலாம். மூன்றாவதற்கு ஒரு பகல் போதும். அந்த ஒரு பகலையும் தமிழுக்குத் தராதவன், முதலிரண்டையும் கேட்கும் தகுதியைத் தானே இழந்தவன் ஆவான்!