வெள்ளைப் புலியும் விரிசல் பாய்லரும்

போன பௌர்ணமிக்கு மறுநாள் நண்பன் தன் பைக்கை விற்கப் போனான். துணைக்கு நான். திருவண்ணாமலையில் பௌர்ணமிக்கு மறுநாள் எந்த வியாபாரமும் பேசக் கூடாது. கிரிவலக் கூட்டம் போய், ஊரே தூங்கி வழியும். ரோடு முழுக்கத் தண்ணீர் பாக்கெட்டும் ஒற்றைச் செருப்பும் கிடக்கும். ஆனால் இவனுக்குப் பையனின் ஸ்கூல் ஃபீஸ் கெடு.

வண்டி, பஜாஜ் வி. 2016ல் வந்த புதிதில் வாங்கியது. பழைய வண்டிக் கடைக்காரர் அதை ஒரு சுற்றுச் சுற்றினார், டயரை ஒரு உதை உதைத்தார், ஒரு தொகை சொன்னார். நண்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ண்ணா, இது சாதா வண்டி இல்லண்ணா. விக்ராந்த் இரும்பு!"

"விக்ரமா? கமல் படமா?"

"கப்பலுண்ணா! போர்க்கப்பல். அதை உருக்கி இதுல கலந்திருக்காங்க."

"கப்பலோ தெப்பமோ, ஆர்.சி. புக்குல பஜாஜ்னுதானே சார் போட்டிருக்கு?"

சுப்ரீம் கோர்ட் வக்கீலுக்கும் பதில் வராது. நான் பி.காம். வேறு. வருஷா வருஷம் தேய்மானம் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் மிஞ்சுவதற்கு 'ஸ்க்ராப் வேல்யூ' என்று பெயர் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன். அந்தக் கணக்குப்படி கடைக்காரர் சொன்னது நியாயம்தான்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு டீக்கடைக்கு வந்தோம். அங்கேதான் ஒரு விஷயம் வெளிவந்தது. இத்தனை வருஷம் ஓட்டியவனுக்கு அந்தக் கப்பலின் மேல் யார் யார் ஓடினார்கள் என்று ஒரு வரி தெரியாது. விளம்பரத்தைப் பார்த்து வாங்கியிருக்கிறான், அவ்வளவுதான். இரண்டு டீ சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

இந்தியக் கடற்படையில் 300 என்று ஒரு ஸ்க்வாட்ரன். பட்டப்பெயர் 'வெள்ளைப் புலிகள்'. பிறந்த தேதி 7 ஜூலை 1960. பிறந்த ஊர் பிரிட்டனில் வேல்ஸ் பகுதியிலுள்ள ப்ராடி விமானதளம். விமானம், 'ஸீ ஹாக்' என்கிற ஒற்றை ஆள் ஜெட். வேடிக்கை என்னவென்றால், அப்போது கப்பல் தயாராகவில்லை! உலக யுத்தம் முடிந்ததும் பிரிட்டிஷ்காரர்கள் பாதியில் விட்ட 'ஹெர்குலிஸ்' என்ற கப்பலை நாம் 1957ல் வாங்கி, பெல்ஃபாஸ்ட்டில் மீதி வேலையைச் செய்துகொண்டிருந்தோம். வீடு பூசுவதற்குள் பால் காய்ச்சப் பாத்திரம் வாங்கிய கதை. 1961 மார்ச் 4ல்தான் அது ஐ.என்.எஸ். விக்ராந்த் ஆயிற்று. மே 18ல் தஹிலியானி என்ற இளம் அதிகாரி அதில் முதல் ஜெட்டை இறக்கினார். பின்னாளில் கடற்படைத் தளபதியே ஆனார்.

இறக்கினார் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். விக்ராந்த்தின் மொத்த நீளம் சுமார் 213 மீட்டர். நம் பெரிய கோயில் மதிலை நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அதை ஒரு பக்கம் நடந்து முடிக்கிறதுக்குள் இந்தக் கப்பல் முடிந்துவிடும். அதிலும் இறங்கக் கிடைப்பது ஒரு பகுதிதான். கப்பல் ஓடிக்கொண்டே இருக்கும், மேலும் கீழும் ஆடும். விமானத்தின் வாலில் ஒரு கொக்கி. தளத்தின் குறுக்கே இரும்புக் கம்பிகள். கொக்கி ஒரு கம்பியைப் பிடித்தால் நின்றாயிற்று. பிடிக்காவிட்டால்? அதற்காகத்தான் சக்கரம் தொட்டவுடன் விமானி இன்ஜினைக் குறைப்பதில்லை, முழு வேகத்துக்கு முடுக்குகிறான். கொக்கி தவறினால் அப்படியே எகிறிப் பறந்துவிடலாம். பிரேக் போட வேண்டிய இடத்தில் ஆக்ஸிலரேட்டரை முறுக்க வேண்டும் என்றால், டூ வீலர் ஓட்டுகிற நமக்கு வயிற்றைக் கலக்கும்.

சரியான சரிவில்தான் இறங்குகிறோமா என்று விமானிக்குக் காட்ட ஒரு கண்ணாடி உண்டு. அதைக் கண்டுபிடித்த குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி, ஆபீஸில் செக்ரட்டரியின் லிப்ஸ்டிக்கால் முகம் பார்க்கும் கண்ணாடியில் கோடு போட்டு, டார்ச் வெளிச்சத்தை வைத்து, "கோடும் வெளிச்சமும் ஒன்றாகத் தெரிகிற மாதிரியே நடந்து வா" என்று அந்தப் பெண்ணை நடக்க வைத்தாராம். அவள் மோவாய் சரியாக மேஜையில் வந்து இறங்கியது. நம் ஆபீஸில் செய்து பார்க்க வேண்டாம், மெமோ வரும்.

கடற்படை ஜெட்களுக்கு இந்தியக் கரையில் முதல் வீடு எது தெரியுமோ? பம்பாய் இல்லை, கொச்சி இல்லை. கோயமுத்தூர் பக்கத்துச் சூலூர்! கடலுக்கும் சூலூருக்கும் என்ன உறவு என்று கேட்காதீர்கள். ஐ.என்.எஸ். ஹன்ஸா என்ற தளம் 1961ல் அங்கேதான் தொடங்கியது. கோவா நம்மிடம் வந்த பிறகு, 1964ல் டபோலிமுக்குக் குடிபோனார்கள்.

1965 யுத்தம் வந்தது. விக்ராந்த் பழுதுபார்ப்பில் கிடந்தது. பரீட்சை அன்றைக்கு அம்மை போட்டுக்கொண்ட பையனின் நிலைமை. அடுத்த பரீட்சைக்கு ஆறு வருஷம் காத்திருந்தார்கள். 1971ல் அது வருகிற சமயம் பார்த்து, கப்பலின் நாலு பாய்லரில் ஒன்றில் விரிசல்.

"ஒண்ணுதானே மச்சி? மூணு இருக்கே" என்றான் நண்பன்.

அங்கேதான் இருக்கிறது சங்கதி. பாய்லரில் வருகிற நீராவிதான் கப்பலை ஓட்டுகிறது. அதே நீராவிதான் விமானத்தைக் கவண்கல் மாதிரி இழுத்து எறிகிறது. போதாததற்கு விமானம் எழும்ப எதிர்க்காற்று வேண்டும். காற்று இல்லாத நாளில் கப்பலே காற்றைப் பார்த்து வேகமாக ஓடி, காற்றை உண்டாக்க வேண்டும். சுமார் 24 நாட் வேகம் போக வேண்டிய கப்பலுக்கு இப்போது வேகக் கட்டுப்பாடு. மெதுவாகப் போகிற விமானம் தாங்கிக் கப்பல் என்றால் நீர்மூழ்கிக்குக் கல்யாணச் சாப்பாடு. இதைப் போருக்கு அனுப்புவதா, துறைமுகத்தில் கட்டிப்போடுவதா என்று பெரிய வாக்குவாதமே நடந்தது. கட்டிப்போட்டிருந்தால் வெள்ளைப் புலிகள் இரண்டு யுத்தத்தை வேடிக்கை பார்த்த ஸ்க்வாட்ரன் ஆகியிருக்கும். தளபதி நந்தா அனுப்புவது என்று முடிவெடுத்தார். மேற்கே அல்ல, கிழக்கே, வங்காள விரிகுடாவுக்கு.

விக்ராந்த் மெட்ராஸில் கொஞ்ச காலம் நின்றது. பிறகு சத்தமில்லாமல் அந்தமானுக்குப் போய் ஒளிந்துகொண்டது. அதைத் தேடிப் பாகிஸ்தானின் 'காஸி' நீர்மூழ்கி வந்தது. கிழக்குக் கடற்படைத் தலைவர் கிருஷ்ணன், நம்ம நாகர்கோவில்காரர். விக்ராந்த் விசாகப்பட்டினத்தில்தான் இருக்கிறது என்று நம்பவைக்க, அவ்வளவு பெரிய கப்பலுக்குத் தேவையான ரேஷனை அங்கே ஆர்டர் கொடுக்கவைத்தார். மளிகை லிஸ்டால் ஒரு யுத்தத் தந்திரம்! 'ராஜ்புத்' என்ற கப்பல் விக்ராந்த் போல ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தது. டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஸி மூழ்கியது.

டிசம்பர் 4. விரிசல் பாய்லருடன் கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷ் கப்பலைக் காற்றுக்கு எதிரே திருப்ப, ஸீ ஹாக்குகள் ஒவ்வொன்றாக எறியப்பட்டன. காக்ஸ் பஜார், சிட்டகாங். விமானதளம், துறைமுகம், கப்பல்கள் என்று அடி. அடுத்த நாட்களில் குல்னா, மங்ளா வரை. விமானங்கள் குண்டடி பட்டுத் திரும்பி, ஒட்டுப்போட்டுக்கொண்டு மறுபடி போயின. எதிரியால் ஒரு ஸீ ஹாக்கைக்கூட வீழ்த்த முடியவில்லை. ஸ்க்வாட்ரன் தலைவர் எஸ்.கே. குப்தாவுக்கும், கப்பல் கேப்டனுக்கும் மகாவீர் சக்ரா. பாய்லருக்கு ஒன்றும் தரவில்லை. தந்திருக்கலாம்.

1983ல் ஸீ ஹாக் போய் 'ஸீ ஹாரியர்' வந்தது. அருண் பிரகாஷ் தலைமையில் வந்தார்கள். இவரும் பின்னாளில் கடற்படைத் தளபதி. செங்குத்தாக இறங்கும், கொக்கியும் வேண்டாம், கம்பியும் வேண்டாம், கவணுக்கு நீராவியும் வேண்டாம். பாய்லரிடம் பட்ட பாட்டுக்கு ஒரு விடுதலை என்று பார்த்தால், அது ஓட்டுவதற்கு மகா முரட்டு விமானம். வாங்கியது சுமார் 30. பாதிக்கு மேல் விபத்துகளில் போயின. விமானிகள் சிலர் திரும்பவில்லை. யுத்தத்தில் ஒன்றும் இழக்காத ஸ்க்வாட்ரன், சமாதான காலத்தில் இழந்தது.

விக்ராந்த் 1997 ஜனவரி 31ல் ஓய்வுபெற்றது. மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. பராமரிப்புச் செலவு கட்டவில்லை என்று ஏறக்குறைய 60 கோடிக்கு ஏலம் போய், 2014ல் உடைத்தார்கள். நான் படித்த ஸ்க்ராப் வேல்யூ. அதில் கொஞ்சம்தான் எங்கள் பெஞ்சுக்கு எதிரே சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றது.

வண்டி வந்த அதே 2016, மே 11ல் வெள்ளைப் புலிகளும் ஹாரியரை அனுப்பிவிட்டு மிக்-29கே விமானத்துக்கு மாறின. 2022 செப்டம்பர் 2ல் கொச்சியில் கட்டிய புது விக்ராந்த் வந்துவிட்டது. 2025 ஏப்ரலில் 26 ரஃபேல்களுக்குக் கடற்படை சார்பில் கையெழுத்தாகியிருக்கிறது.

நண்பன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "அந்த ஸீ ஹாக் ஒண்ணாவது மிச்சம் இருக்கா மச்சி?"

"கோவா மியூசியத்துல நிக்குது."

"இந்த வண்டியிலயே போய்ப் பாத்துட்டு வந்து வித்துடலாமா?"

"ஃபீஸ்?"

பேசாமல் இருந்தான்.

மறுநாள் அதே கடை, அதே தொகை. பணத்தை எண்ணி வாங்கியபின், டேங்க்கில் இருக்கிற 'வி' சின்னத்தை மட்டும் பெயர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். கடைக்காரர் யோசித்து, "ஐந்நூறு கொறைச்சுக்குவேன் சார்" என்றார்.

எண்ணிய பணத்திலிருந்து ஒரு நோட்டை உருவித் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவர் கேட்டான்.