பட்டன் போனுக்கு எதற்கு டேட்டா?

ஆசிரியருக்கு,

2024 ஜூலையில் தனியார் செல்போன் நிறுவனங்கள் மூன்றும் கட்டணத்தை ஏற்றின. அதே ஆண்டு டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு நல்ல காரியம் செய்தது. பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டுமான ரீசார்ஜ் ஒன்றையாவது கட்டாயம் தர வேண்டும், 365 நாள் வரை வேலிடிட்டி கொடுக்கலாம் என்று விதித்தது. திட்டங்களும் வந்துவிட்டன. ஆனால் இங்கே மல்லேஸ்வரத்தில், எங்கள் பக்கத்து ரீசார்ஜ் கடைக்காரர் நாம் கேட்டால்தான் அவற்றைப் பற்றி வாயைத் திறக்கிறார். கேட்காத பாட்டிகளுக்கு, கையில் இருப்பது பட்டன் போன் என்று கண்ணெதிரே தெரிந்தும், தினம் 1.5 ஜி.பி. பேக்கையே போட்டு அனுப்புகிறார். அதில் அவர்கள் எந்தப் படத்தைப் பார்ப்பது?

28 நாள் கணக்கு இன்னொரு கெட்டிக்காரத்தனம். மாதாமாதம் போடுவதாக நினைப்போம், வருஷத்துக்கு 13 முறை காசு போயிருக்கும். 30 நாள் திட்டம் ஒன்றாவது வேண்டும் என்று 2022-லேயே விதி உண்டு, கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் வைஃபை உள்ள பெரியவர்களுக்குப் பேச்சு பேக்கே தாராளம். வங்கி ஓ.டி.பி.யும் தடையின்றி வரும். இந்த பேக்குகளின் விலையை மாதம் ஒருமுறை உங்கள் பத்திரிகையில் போடலாமே?

வாசகி,
மல்லேஸ்வரம், பெங்களூரு