ஜெயிக்கவும் வேணும், சேர்ந்து சாப்பிடவும் வேணும்!

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை)

முல்லைப் பெரியாறு, வேலைவாய்ப்பு, தமிழர் பண்பாடு என்று எழுத இந்த மலரில் நிறையத் திறமைசாலிகள் இருக்கிறார்கள். நான் எழுத வந்திருப்பது கார்டு விளையாட்டைப் பற்றி. சிரிக்க வேண்டாம். மதிய இடைவேளையில் ஒர்க்‌ஷாப் பின்பக்கம் வேப்பமரத்தடியில் நாம் ஆடுகிறோமே, அதேதான். அதில் கொஞ்சம் பேச வேண்டிய விஷயம் இருக்கிறது.

முதலில் ஒரு பயத்தைத் தெளிய வைத்துவிடுகிறேன். 'சீட்டு' என்ற சொல்லைக் கேட்டாலே நம் வீடுகளில் முகம் மாறிவிடும். என் அம்மா விடியும் முன்னே கம்பத்தில் ஜீப் ஏறி, குமுளி தாண்டி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். என் பையில் கார்டைப் பார்த்ததும், "ஏண்டா, ஒன்னயப் படிக்க அனுப்புனா சீட்டு வெளாடுறியா?" என்றுதான் கேட்டார். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. ரம்மி பெரும்பாலும் திறமையால் ஆடும் ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லிவிட்டது, வாஸ்தவம். ஆனால் அதே ரம்மி செல்போனுக்குள் காசோடு வந்தபோது குடும்பங்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். தமிழக அரசு 2022-ல் சட்டம் கொண்டுவந்தது, வழக்குகள் நடந்தன, 2025-ல் நாடாளுமன்றமே ஆன்லைன் பண விளையாட்டுகளுக்குத் தடை போட்டது. காசு வைத்தால் அது நண்பர்கள் ஆட்டம் கிடையாது. அதைப் பற்றி எனக்கு இரண்டு கருத்து இல்லை.

நாம் ஆடுவது வேறு. என் மாமாவிடம் ரப்பர் பேண்ட் போட்ட டபிள்யூ.டபிள்யூ.எஃப். டிரம்ப் கார்டு கட்டு ஒன்று இன்னும் இருக்கிறது. ஓரமெல்லாம் நைந்துபோனது. ஆட்டம் ரொம்ப எளிது. ஆளுக்குச் சமமாகப் பிரித்து, மேல் கார்டில் ஒரு கட்டத்தைச் சொல்ல வேண்டும்: உயரமா, எடையா, நெஞ்சளவா? யாருக்கு எண் பெரிதோ அவருக்கு எல்லாக் கார்டும். யோகோசுனா கையில் வந்தால் யோசிக்கவே வேண்டாம், "எடை" என்றால் பெரும்பாலும் போதும்! இங்கிலாந்தில் 1978-ல் டாப் டிரம்ப்ஸ் என்று விற்பனைக்கு வந்த ஆட்டத்தின் சாயல்தான் இது. நம் செட்டுப் பையன்கள் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது கிரிக்கெட் அட்டாக்ஸ், ஸ்லாம் அட்டாக்ஸ். பாக்கெட்டைக் கிழித்தால்தான் உள்ளே என்ன கார்டு என்று தெரியும். வேண்டாததைக் கொடுத்து வேண்டியதை மாற்றிக்கொள்வோம். போன வருடம் யாரோ பழைய கார்டுகளைத் தூசி தட்டிக் கொண்டுவர, வகுப்பே பற்றிக்கொண்டது.

கொஞ்ச நாளில் 'ஜெயிச்சா வச்சுக்கலாம்' என்று ஒரு சட்டம் வந்தது. அதற்கு முன்பு ஆட்டம் முடிந்ததும் அவரவர் கார்டு அவரவரிடம் திரும்பிவிடும். எங்கள் வகுப்பில் ஒருவன், பெயர் வேண்டாம், அவனிடம் மொத்தமே இருபது முப்பது கார்டுதான். திருப்பூரில் வேலை பார்க்கும் சித்தப்பா எப்போதோ வாங்கிக் கொடுத்தது. ஒரே வாரத்தில் அதில் நல்லது அத்தனையும் போய்விட்டது. அழுகுணி ஆட்டம் யாரும் ஆடவில்லை, சட்டப்படிதான் போனது. ஆனால் அவன் மறுநாளிலிருந்து மரத்தடிக்கு வரவில்லை. டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய் உட்கார ஆரம்பித்தான். பிறகு மாலையில் சேர்ந்து கணக்குப் போடுவதற்கும் வரவில்லை. அந்தப் பருவத்தில் அவனுக்குக் கணக்கில் அரியர் விழுந்தது.

கார்டால்தான் அரியர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நம்மில் பாதிப்பேர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். இன்டகரேஷன் புரியவில்லை என்றால் அப்பாவிடம் கேட்க முடியுமா? அண்ணன் பழைய நோட்டு வைத்திருப்பானா? டிராஃப்டர் இல்லாதவனுக்கு டிராஃப்டர் தருவதும், புரியாததைத் திரும்பச் சொல்லித் தருவதும் பக்கத்து பெஞ்சு நண்பன்தான். நமக்கு டியூஷன் சென்டரே அவன்தான்! வசதியான வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நண்பன் போனால் பொழுதுபோக்கு போகும். நமக்கு அதைவிட நிறையப் போகும்.

"அப்ப வெறியா ஆடாதீங்கப்பா, சும்மா ஜாலியா ஆடுங்க" என்று சிலர் புத்தி சொல்கிறார்கள். இதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்களில் ஒருவன் கட்டில் உள்ள எல்லாக் கார்டின் எண்ணையும் மனப்பாடமாக வைத்திருக்கிறான். எது வெளியே போனது, எது யார் கையில் இருக்கிறது என்று கணக்கு வைத்துத்தான் கட்டத்தைச் சொல்வான். அவனை 'வெறியன்' என்று கேலி செய்கிறோம். என்ன தப்பு செய்தான்? ஒழுங்காக ஆடுகிறான், அவ்வளவுதானே! அவன் யோசித்து ஆடும்போது எதிரே இருப்பவன் செல்போனைப் பார்த்துக்கொண்டு, "ஏதாச்சும் ஒண்ணு, எடைன்னு வச்சுக்க" என்றால் அது ஜாலி இல்லை. எதிரில் இருக்கிறவனை மதிக்காதது.

சின்னப் பிள்ளையில் தெருவில் 'ஒப்புக்குச் சப்பாணி' என்று ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். பொடியன் அழுவானே என்று ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வோம். ஆனால் அவுட் ஆனாலும் அவுட் கிடையாது. ஆறு வயதுத் தம்பிக்கு அது சரி. பதினெட்டு வயது நண்பனிடம் வேண்டுமென்றே தோற்றுக் கொடுப்பதும் அதே ஏற்பாடுதான். அவனுக்குத் தெரியாமலா போகும்? தோற்றதைவிட அதுதான் சுடும்.

ஆக, முனைந்து ஆடுவதில் கோளாறு இல்லை என்பது என் கட்சி. கோளாறு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒருவன் உயிரைக் கொடுத்து ஆட வந்திருக்கிறான், இன்னொருவன் சாப்பிட்டது செரிக்க ஆட வந்திருக்கிறான். இரண்டு பேரும் அதைப் பேசிக்கொள்ளாமலே உட்கார்ந்துவிடுகிறார்கள். இது முதலாவது. மற்றது காசு. அவரவர் கட்டைக் கொண்டுவந்து ஆடும்போது பத்து பாக்கெட் கிழித்தவனுக்கு மின்னுகிற கார்டு கிடைக்கும். ஒரு பாக்கெட் வாங்கியவனுக்குக் கிடைப்பது அவன் அதிர்ஷ்டம். அங்கே மூளை ஜெயிக்கிறதா, பர்ஸ் ஜெயிக்கிறதா?

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் வந்ததில்லை. கார்டைச் சேர்த்து, மாற்றி, சொந்தக் கட்டு கட்டி ஆடும் விளையாட்டுகளுக்கெல்லாம் முன்னோடி 1993-ல் அமெரிக்காவில் வந்த 'மேஜிக்'. உண்டாக்கியவர் ரிச்சர்டு கார்ஃபீல்டு என்ற கணித முனைவர். (கணக்கில் அரியர் வைத்திருப்போர் கவனிக்க!) அவருடைய முதல் சட்டப்புத்தகத்திலேயே, ஆட்டம் தொடங்கும்முன் ஆளுக்கு ஒரு கார்டைப் பந்தயமாக எடுத்து வைக்க வேண்டும், ஜெயித்தவருக்கே அது சொந்தம் என்று இருந்தது. நம் மரத்தடிச் சட்டமேதான்! ஆடுகிறவர்களுக்கே அது பிடிக்கவில்லை. சில வருடங்களில் வழக்கொழிந்துவிட்டது. அதே மேஜிக்கில் 'கமாண்டர்' என்று ஒரு முறை இருக்கிறது. கம்பெனி உண்டாக்கியதில்லை, ஆடுகிறவர்களே உண்டாக்கியது. அதற்கென்று கம்பெனி தனிக்கட்டு விற்க ஆரம்பித்ததே 2011-ல்தான். பெரும்பாலும் நான்கு பேர் உட்கார்ந்து ஆடுகிறார்கள். கார்டைப் பிரிக்கும் முன் "என் கட்டு இவ்வளவு பலம், உன்னுடையது எப்படி? இன்று எப்படி ஆடலாம்?" என்று பேசிக்கொள்வது அவர்களிடம் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. இரண்டு நிமிடம் ஆகுமா? அதற்குமேல் ஆகாது. நாமும் கோலி ஆடும்போது, "ஜெயிச்சா எடுத்துக்கிறதா, திருப்பிக் குடுக்கிறதா?" என்று முதலில் கேட்டுவிட்டுத்தானே குழி தோண்டினோம்? பாலிடெக்னிக் வந்ததும் அது மறந்துபோகிறது.

காசுக்கு என்ன வழி? பொதுக் கட்டு. எங்கள் வகுப்பில் இந்தப் பருவத்தில் நாங்களே செய்துவிட்டோம். பழைய கல்யாணப் பத்திரிகைகளை ஒரே அளவில் வெட்டி, பின்பக்கம் பழுப்புத் தாள் ஒட்டி, 32 பைக் கார்டு. யாருக்கும் சொந்தமில்லை, மேஜை டிராயரில் கிடக்கும். எவ்வளவு வெறியாக வேண்டுமானாலும் ஆடலாம், மணி அடித்ததும் எல்லாம் டிராயருக்குப் போய்விடும். மனப்பாடப் புலிக்கும் சந்தோஷம். தனியாகச் சாப்பிடப் போனானே, அவனுக்கு எழுத்து அழகு. எண்களை எழுதித் தரச் சொல்லிக் கூப்பிட்டோம், வந்தான். இப்போது ஆடவும் செய்கிறான், எங்களைத் தோற்கடிக்கவும் செய்கிறான். (ஒரு எச்சரிக்கை: ஆடி மாதத்தில் மரத்தடியில் ஆடாதீர்கள். தேனிக் காற்றுக்கு 32 கார்டு ஒரு வாய்ச் சோறு.)

செய்யும்போது பாடமும் கொஞ்சம் உள்ளே போனது. ஸ்ப்ளெண்டர் 97.2 சி.சி., ஆர்.எக்ஸ். 100 வெறும் 98 சி.சி. ஆனால் குதிரைத்திறன் என்று சொன்னால் ஸ்ப்ளெண்டருக்கு 8, ஆர்.எக்ஸுக்கு 11! டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எரிகிறது, ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை. ஐந்து மார்க் கேள்வி, கார்டிலேயே இருக்கிறது.

கடைசியில் சிக்கல் வந்தது டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100-ல்தான். 99.7 சி.சி., குதிரைத்திறன் நாலரைக்கும் கீழே. வேகம் கிடையாது. அந்தக் கார்டு வந்தவன் முகம் தொங்கிவிடுகிறது. எடை குறைவானதே ஜெயிக்கும் என்று வைத்தால் 90 கிலோவுக்குள் இருக்கும் எக்ஸ்.எல். புல்லட்டின் 195 கிலோவைத் தூக்கி எறிந்துவிடும். ஆனால் புல்லட் கட்சிக்காரர்கள் "எடைன்னா கூடத்தான்டா ஜெயிக்கணும், மாமா காலத்துச் சட்டம்" என்று கூச்சல். சின்னமனூர், கம்பம் பக்கம் திராட்சைப் பெட்டியும் புல்லுக்கட்டும் எதில் போகிறது, புல்லட்டிலா? 'சுமை' என்று தனிக்கட்டம் போட்டால் எக்ஸ்.எல்.தான் ராஜா என்பது என் கருத்து. மற்ற 31 வண்டிகளுக்கும் அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில் நிற்கிறோம். ஆட்டோமொபைல் துறை நண்பர்கள் யாருக்காவது வழி தெரிந்தால் மதியம் ஒன்றே கால் மணிக்கு வாருங்கள். வரும்போது சாப்பாட்டையும் கொண்டு வந்துவிடுங்கள்.