மாத்திரையை நிறுத்தச் சொல்வது யார்?

"வலிதான் போய்விட்டதே, இனி எதற்கு மாத்திரை?" லூபஸ் நோயாளி உள்ள வீடுகளில் எழும் கேள்வி இது. ஆபத்தான கேள்வி!

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே உடலைத் தாக்குவதுதான் லூபஸ். பாதிக்கப்படுவோரில் 10க்கு 9 பேர் பெண்கள், பெரும்பாலும் இளவயதினர். வெளியே வலி தெரியாதபோதும் உள்ளே சிறுநீரகத்தை இந்நோய் அரித்துக் கொண்டிருக்கலாம்.

இதற்கான அடிப்படை மருந்து ஹைட்ராக்சிகுளோரோகுயின். அதை நிறுத்தியவர்களுக்கு, தொடர்ந்தவர்களைவிட இரண்டரை மடங்கு அதிகமாக நோய் திரும்பியதை 1991ல் வெளியான கனடா ஆய்வு காட்டியது. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினாலோ உயிருக்கே ஆபத்து!

பிறகு ஏன் நிறுத்துகிறார்கள்? செலவு ஒரு காரணம். ஸ்டீராய்டால் முகம் வீங்குகிறதே என்ற கவலை இன்னொன்று. சம்பந்தம் பேச வருபவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் மற்றொன்று. கர்ப்பிணிக்கு மாத்திரையே ஆகாது என்கிறார்கள் பெரியவர்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயினைக் கர்ப்ப காலத்திலும் தொடர வேண்டும் என்கிறது மருத்துவம்.

ரமலானிலும் இதே கதைதான். நோயாளி வேறு நாட்களில் நோன்பு வைக்க மார்க்கமே சலுகை தந்திருக்கும்போது, மருந்தைக் கைவிட நாம் யார்? மாத்திரை நேரத்தை சஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றலாமா என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

வியாபாரிகளே! சரக்கு தீருமுன் ஆர்டர் போடும் நீங்கள், வீட்டில் மாத்திரை தீருமுன் வாங்கி வைத்தீர்களா? இளைஞர்களே! உங்கள் சகோதரியின் மருந்துச் சீட்டை ஒருமுறையாவது பார்த்ததுண்டா?

மருந்தை நிறுத்தும் முடிவு மருத்துவருடையது. உறவினருடையதல்ல. சிந்திப்பீர்!